மொய் நோட்டில் இல்லாத பெயர்

புதுச்சேரி அரசு வேலையில் இருந்தவர்களுக்கு மாகேயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றல் உத்தரவு கைக்கு வந்தவுடன் வீட்டில் ஒரு கலக்கம் வரும். இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்களோ அந்த ஊர் மழையையும் மீனையும் பற்றி ஆயுள் முழுக்கப் பேசுவார்கள். அவர்களுக்கெல்லாம் பக்கத்திலேயே, பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் தலைச்சேரியும் பழக்கமான ஊர். அந்தத் தலைச்சேரியில் 1897 நவம்பர் 4 அன்று பிறந்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் இ.கே. ஜானகி அம்மாள். தாவர மரபியல் ஆராய்ச்சியாளர்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களாக மகளிர் தினம் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ‘இந்தியக் கரும்பை இனிப்பாக்கிய தமிழ்நாட்டு விஞ்ஞானி’ என்று தலைப்பு. கீழே அம்மையாரின் புகைப்படம். எனக்கு மட்டுமே நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு அனுப்புகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் செய்தியில் அவர் செய்யாத ஒன்று அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. அவர் உண்மையில் செய்த பெரிய வேலை ஒரு வரியில்கூட இல்லை. ஒரு கல்லூரி நூலகத்தில் ஆயுளில் பாதியை ஆசிரியர் பெயர் அட்டை எழுதியே கழித்த எனக்கு, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அவர் என்ன எழுதினார், அதை யார் எடுத்துக்காட்டினார்கள், அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அப்பா இ.கே. கிருஷ்ணன் தலைச்சேரியில் சப் ஜட்ஜ், திவான் பகதூர் பட்டம் பெற்றவர். வீட்டில் பிள்ளைகள் நிறைய. ஜானகி அம்மாள் சென்னைக்கு வந்து குயின் மேரீஸ் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து 1921இல் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது, கீழை நாட்டுப் பெண்களுக்கான பார்பூர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931இல் முனைவர் பட்டம் வாங்கினார். நம் பாட்டிமார்கள் பலருக்குக் கையெழுத்துப் போடவே வாய்ப்பில்லாத காலம் அது.

அவர் படித்தது குரோமோசோம்களைப் பற்றி. அறிவியல் படிக்காத நண்பர்களுக்காக இரண்டு வரி. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நூல் துண்டுகள் போலச் சில பொருள்கள் இருக்கின்றன. தாய் தந்தையின் குணங்கள் பிள்ளைக்கு வருவது அவற்றின் வழியாகத்தான். எந்தச் செடிக்கு எத்தனை என்பது பொதுவாக மாறாது. வெங்காயத்துக்கு 16, நெல்லுக்கு 24, கத்தரிக்கும் 24, தென்னைக்கு 32, கேழ்வரகுக்கு 36, மாமரத்துக்கு 40. நாம் சாப்பிடும் வாழையில் பெரும்பாலான ரகங்களுக்கு 33. இந்த 33, பதினொன்றின் மும்மடங்கு. இப்படி மூன்று தொகுதியாக இருந்தால் ஜோடி சேர்ந்து சமமாகப் பிரிய முடியாது. வாழைப்பழத்தில் முளைக்கும் விதை இல்லாமல் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இதை எண்ணுவது சுலபமான வேலை இல்லை. வளரும் வேர் நுனியை வெட்டி, மருந்தில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உயிரணு பிரிகிற அந்தச் சமயத்தில்தான் நூல் துண்டுகள் தனித்தனியாகத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஒரே செடிக்குப் பல தகடுகள் பார்த்தால்தான் எண்ணிக்கை உறுதியாகும். இரண்டு செடிகளைக் கலந்து புது ரகம் உண்டாக்க நினைப்பவருக்கு இந்த எண்ணிக்கை தெரியாவிட்டால், கண்ணைக் கட்டிக்கொண்டு வரன் பார்ப்பது போலத்தான்.

ஊர் திரும்பியவர் திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அதே வருடம் கத்தரிச் செடியின் குரோமோசோம் பெருக்கம் பற்றிய அவருடைய கட்டுரை ‘சைட்டோலோஜியா’ என்ற சர்வதேச இதழில் வந்தது.

இனி கரும்புக் கணக்குக்கு வருவோம். நம் பாகூர்ப் பக்கமும் லிங்காரெட்டிப்பாளையம் பக்கமும் கரும்பு போட்டவர்களுக்கு ‘கோ’ என்று தொடங்கும் ரகப் பெயர்கள் தெரியும். ‘கோ 86032’ போடாத கரும்பு விவசாயி இந்தப் பகுதியில் குறைவு. அந்தக் ‘கோ’ என்பது கோயம்புத்தூர். 1912இல் அங்கே நிலையம் தொடங்கியபோது அதை நடத்தியவர் சி.ஏ. பார்பர் என்ற ஆங்கிலேயர். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து பின்னர் பொறுப்பை ஏற்றவர் நம் டி.எஸ். வெங்கட்ராமன். தடித்த இனிப்புக் கரும்பை, நாணல் போல மெலிந்து வளரும் காட்டுக் கரும்போடு சேர்த்து அவர்கள் உண்டாக்கிய ‘கோ 205’ 1918இல் வட இந்தியாவுக்குப் போயிற்று. இனிப்பு ஒரு பக்கம், வறட்சியையும் குளிரையும் தாங்கும் வலு மறுபக்கம். அடுத்தடுத்து வந்த கோயம்புத்தூர் ரகங்களும், 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குக் கிடைத்த வரிப் பாதுகாப்பும் சேர்ந்துதான் நாட்டின் சர்க்கரை இறக்குமதியைக் குறைத்தன.

ஆண்டுகளைப் பாருங்கள். கோ 205 வந்தது 1918. ஜானகி அம்மாள் கோயம்புத்தூரில் காலடி வைத்தது 1934. அப்படியிருக்க இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் என்று அவரைச் சொல்வது, பார்பரும் வெங்கட்ராமனும் போட்ட உழைப்பை எடுத்து இவர் கையில் கொடுப்பதாகிறது. அவருக்கு அந்த இரவல் நகை தேவையே இல்லை.

அவர் கோயம்புத்தூரில் செய்தது வேறு. அந்தக் காட்டுக் கரும்பு ஏன் இவ்வளவு வலுவானது, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். இந்தியாவின் பல இடங்களிலிருந்து வந்த காட்டுக் கரும்புச் செடிகளின் குரோமோசோம்களை எண்ணினார். இனிப்புக் கரும்புக்கு 80 என்று ஒரே எண். காட்டுக் கரும்பிலோ இடத்துக்கு இடம் மாறியது. அது 40 முதல் 128 வரை போகும் என்று இன்று அறிகிறோம். இந்த ஆய்வின் முதல் பகுதி 1936இல் இந்திய வேளாண் அறிவியல் இதழில் வெளியானது. கரும்பை மூங்கிலோடும் மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்த முடிவுகள் 1938இல் லண்டன் ‘நேச்சர்’ இதழில் வந்தன. இனம் விட்டு இனம் கலந்த இந்தக் கரும்புகளைப் பற்றிய நீண்ட கட்டுரை 1941இல் ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ இதழில் முப்பது பக்கத்துக்கு மேல் அச்சானது. கரும்பின் பூர்வீகம் பற்றி இன்றும் ஆராய்கிறவர்கள் இந்தக் கட்டுரைகளை எடுத்துக்காட்டுகிறார்கள்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. அதற்குப் போனார். மாநாடு முடிவதற்குள் போர் மேகம் சூழ்ந்து, செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. அம்மையார் இங்கிலாந்திலேயே தங்கினார். லண்டனின் மெர்ட்டன் பகுதியில் இருந்த ஜான் இன்னஸ் நிலையத்தில் 1940 முதல் 1945 வரை வேலை. அதன் இயக்குநர் சி.டி. டார்லிங்டன், குரோமோசோம் ஆராய்ச்சியில் அன்றைய பெரிய பெயர்.

தலைக்கு மேலே குண்டு விழுந்துகொண்டிருந்த அந்த வருடங்களில் இருவரும் சேர்ந்து ஒரு நூலை உருவாக்கினார்கள். 1945இல் வெளிவந்தது. மனிதர் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தானியம், காய், கனி, நார், மருந்து, பூ என்று ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கை அதில் வரிசையாக இருக்கிறது. எந்தச் செடிக்கு எத்தனை, யார் எண்ணியது, அந்தச் செடியின் பூர்வீகம் எது என்ற விவரம். உலகம் முழுக்கப் பல மொழி இதழ்களில் சிதறிக் கிடந்த எண்களைத் தேடிச் சேர்த்தார்கள். அதற்குமுன் ஒரு எண்ணுக்காக நூலகம் நூலகமாக அலைய வேண்டியிருந்தது. பிறகு அட்டவணையைப் புரட்டினால் போதும். கதை படிப்பது போல யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். ரயில்வே கால அட்டவணை போல, வேலை இருக்கும்போது எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் செடி கலக்கிறவர் மேசையில் அது இல்லாமல் முடியாது.

நூலின் முகப்பில் இரண்டு பெயர்கள்: டார்லிங்டன், ஜானகி அம்மாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்தபின் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தில் சில வருடங்கள் இருந்தார். கோல்ச்சிசின் என்ற மருந்தைப் பயன்படுத்திச் செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் முறையை அங்கே மக்னோலியா மரங்களில் செய்து பார்த்தார். அவர் பெயரைத் தாங்கிய ஒரு மக்னோலியா வகை இன்றும் இருக்கிறது. பிறகு நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றியிருக்கிறான் என்பதைப் பற்றிப் பெரிய கருத்தரங்கு நடந்தது. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் இவர். இந்தியாவின் பிழைப்புப் பொருளாதாரம், பழங்குடிகளின் உணவுச் செடிகள் பற்றி அங்கே பேசினார்.

அதே 1955இல் லண்டனில் குரோமோசோம் அட்லஸின் புதிய பதிப்பு வந்தது. பயிர்கள் என்ற எல்லையைத் தாண்டிப் பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்குமாக விரித்திருந்தார்கள். ஆசிரியர்களாக இருந்த பெயர்கள்: டார்லிங்டன், வைலி. இந்த வைலி நியூசிலாந்தைச் சேர்ந்த ஆன் வைலி, அவரும் ஒரு பெண் விஞ்ஞானிதான். புதுப் பதிப்புக்கு அவர் போட்ட உழைப்பு உண்மையான உழைப்பு. அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் விளைவு என்ன? புதிய பதிப்பு வந்தால் எல்லோரும் புதியதைத்தான் வாங்குவார்கள், அதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அடுத்த பல பத்தாண்டுகளுக்குத் தாவரவியல் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் ‘டார்லிங்டன், வைலி 1955’ என்று அச்சாகிக்கொண்டே இருந்தது. 1945இல் போட்ட அஸ்திவாரத்தின் மேல் கட்டிய வீட்டில், அஸ்திவாரம் போட்ட இருவரில் ஒருவர் பெயர் வாசலில் இல்லாமல் போயிற்று.

இனி கணக்கெடுப்புக்கு வருவோம். ஒரு கட்டுரையை எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்று எண்ணும் வழக்கம் எப்போது வந்தது தெரியுமா? அதே 1955ஆம் ஆண்டில் யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் ‘சயன்ஸ்’ இதழில் இந்த யோசனையை எழுதினார். வக்கீல்கள் ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்கில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க அமெரிக்காவில் ஒரு அட்டவணை வைத்திருந்தார்கள். அதே மாதிரி அறிவியலுக்கும் வேண்டும் என்றார். முதலில் சோதனைக்கு எடுத்துக்கொண்ட துறை எது என்றால், மரபியல்! 1963இல் மரபியல் மேற்கோள் அட்டவணை வந்தது. அடுத்து எல்லாத் துறைக்குமாக அறிவியல் மேற்கோள் அட்டவணை. தலையணை தடிமனில் தொகுதி தொகுதியாக வரும். எழுத்து அவ்வளவு பொடி. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது.

அந்த அட்டவணையின் முதல் தொகுதிக்கு 1961இல் வெளியான 613 இதழ்களை எடுத்துக்கொண்டார்கள். உலகத்தில் வரும் இதழ்களில் அது ஒரு சிறு பகுதி. நம் நாட்டு வேளாண் இதழ்களில் ஒருவர் அம்மையாரை எடுத்துக்காட்டினால், அது அந்த வலையில் சிக்க வாய்ப்புக் குறைவு. 1936 கட்டுரைக்கு முதல் இருபத்தைந்து வருடங்களில் வந்த மேற்கோள்களோ, எண்ணத் தொடங்குவதற்கு முன்னாலேயே வந்து போனவை.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. அச்சிட்ட அந்தத் தொகுதிகளில், எடுத்துக்காட்டப்பட்ட நூல் அதன் முதல் ஆசிரியர் பெயரின் கீழ் மட்டுமே வரும். இரண்டாவது ஆசிரியரைத் தேடினால் கிடைக்காது.

இதை நம் ஊர் வழக்கத்தில் சொன்னால் சட்டென்று புரியும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறார்கள். சேர்த்து வைத்த பணத்தை எடுத்துக் கொடுத்தது வீட்டு அம்மா. நோட்டில் ஏறுவது குடும்பத் தலைவர் பெயர். பத்து வருடம் கழித்து நோட்டைப் புரட்டுகிறவருக்கு அந்த அம்மா இருந்ததே தெரியாது. மொய் எழுதியவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி என்று வைத்தால்தான் எழுதி முடியும் என்பது அவர் கஷ்டம். மேற்கோள் அட்டவணையும் அப்படித்தான். கணினி இல்லாத காலத்தில் இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்த முதல் பெயர் போதும் என்றார்கள். ஆகவே 1945 அட்லஸானாலும் 1955 அட்லஸானாலும் டார்லிங்டன் பெயரின் கீழ்தான் வரும். ஜானகி அம்மாளும் இல்லை, ஆன் வைலியும் இல்லை.

அடுத்த சிக்கல் பெயரிலேயே இருக்கிறது. இ.கே. என்பது இடவலேத் கக்காட் என்ற தறவாட்டுப் பெயர், அதாவது தாய்வழிக் குடும்பப் பெயர். ஜானகி என்பது அவர் பெயர். அம்மாள் என்பது நமக்கெல்லாம் தெரிந்த மரியாதைச் சொல். மேல்நாட்டு வழக்கப்படி கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டால், ‘அம்மாள்’ குடும்பப் பெயராகிவிடும்! அப்படித்தான் ஆயிற்று. சில கட்டுரைகளில் அவர் ‘அம்மாள், இ.கே.ஜே.’ சிலவற்றில் ‘ஜானகி அம்மாள், இ.கே.’ வேறு சிலவற்றில் நடுவே கோடு போட்டு ஒட்டிய ‘ஜானகி-அம்மாள்’. இயந்திரத்துக்கு இவையெல்லாம் வேறு வேறு ஆள். ஒருவர் சம்பாதித்த சொத்து மூன்று பட்டாவில் பிரிந்து கிடப்பது போல அவருடைய மேற்கோள்கள் பிரிந்து கிடக்கின்றன.

இந்தச் சங்கடம் புதுச்சேரிக்காரர்களுக்குப் புரியாததா? பிரெஞ்சுக்காரர்களின் எத்தா சிவில் பதிவேட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு இடம், சொந்தப் பெயருக்கு ஒரு இடம் உண்டு. நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. 1881 ஆணைப்படி இந்து, முஸ்லிம் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள், தங்களுக்கென்று குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அந்த இயக்கத்தின் முன்னோடியான வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாப்போர்த்’ என்று வைத்துக்கொண்டது நம் ஊர் வரலாறு. இன்றும் பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என்று அலைகிறவர்கள் உண்டு. பதிவேட்டின் கட்டத்துக்குள் ஆள் அடங்கவில்லை என்றால், ஆளைத்தான் வெட்டிச் சுருக்குவார்கள். கட்டத்தை மாற்ற மாட்டார்கள்.

நூலகர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னாலேயே விழித்துக்கொண்டார்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். அரங்கநாதன், 1934இல் நூற்பட்டியல் விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். இந்தியப் பெயர்களை எப்படி அட்டையில் எழுதுவது என்பதை அவர் தீவிரமாக எடுத்துக்கொண்டார். தென்னிந்தியப் பெயரில் முன்னெழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். ஆளைக் குறிக்கும் சொல்லை முதலில் எழுதி, முன்னெழுத்தைப் பின்னால் தள்ள வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த முறைப்படி ‘ஜானகி அம்மாள், இ.கே.’ என்று ஒரே அட்டைதான் இருக்கும். மூன்று பேராக உடைய மாட்டார்.

அப்படியானால் அவருடைய உண்மையான மேற்கோள் எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்பீர்கள். எண்ணைச் சொல்லி உங்களை நம்பவைக்க எனக்கு மனமில்லை. மேலே சொன்ன ஓட்டைகள் எல்லாம் எந்த எண்ணுக்குள்ளும் இருக்கின்றன. இன்னொரு வேடிக்கையைச் சொல்கிறேன். இப்போது விஞ்ஞானிகளை எடைபோட எச் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஹெர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் கொண்டுவந்தது. ஒருவருடைய பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை எடுத்துக்காட்டப்பட்டிருந்தால் அவர் குறியீடு பத்து. இருபது கட்டுரைகள் இருபது முறை என்றால் இருபது. இந்தக் கணக்கில், அட்லஸ் போன்ற நூலை ஆயிரம் பேர் எடுத்துக்காட்டினாலும், பத்தாயிரம் பேர் எடுத்துக்காட்டினாலும் அது ஒன்றே ஒன்றுதான். அஞ்சு வருடம் குண்டு மழையில் உட்கார்ந்து சேர்த்த வேலையும், ஆறு பக்கக் கட்டுரையும் அங்கே ஒரே எடை.

இதைச் சொல்வதால் மேற்கோள் கணக்கே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எடுத்துக்காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தமிழ் படித்தவர்களைவிட யார் அறிவார்? ஐம்பெருங்காப்பியத்தில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூலாக நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய பாடல்களும், புறத்திரட்டு போன்ற தொகுப்பில் சேர்ந்த பாடல்களும்தான் மிச்சம். யாரோ ஒருவர் நேர்மையாக நூற்பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டியதால்தான் அந்தப் பெயர்களாவது தங்கின. எடுத்துக்காட்டுகிறவர் பெயரைச் சரியாகச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் நிறைய. ஆசிரியர் பெயர் தெரியாத எத்தனையோ பாடல்கள் இருக்கின்றன.

கணக்கு வராததால் வேலை மதிப்பிழந்துவிடுவதும் இல்லை. மரபியலுக்கே தந்தையான மெண்டல், பட்டாணிச் செடிகளை வைத்துத் தாம் கண்டதை 1866இல் அச்சிட்டார். 1900 வரை அதை உணர்ந்தவர்கள் அநேகமாக இல்லை. அவர் இறந்து பதினாறு வருடம் கழித்துத்தான் மூன்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் வழியாக அது வெளிச்சத்துக்கு வந்தது. இன்றைய பதவி உயர்வுக் குழு முன்னால் மெண்டல் வந்து நின்றால், மதிப்பெண் போதவில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

ஜானகி அம்மாளுக்கு அந்த அளவு கஷ்டம் இல்லை. மரியாதைகள் வந்தன. சி.வி. இராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் 1935இலேயே அவரை உறுப்பினராக்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1977இல் பத்மஸ்ரீ. ஓய்வு பெற்றபின் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் சேர்ந்து, மதுரவாயலில் உள்ள அதன் களப் பண்ணையில் செடிகளோடேயே இருந்தார். எண்பது வயதைத் தொட்ட காலத்தில், அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் காலமானார். அண்மையில் சாவித்திரி பிரீத்தா நாயர் அவருடைய விரிவான வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் வீரராகவன் தம்பதியர் தாங்கள் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பழங்கதை இன்றைக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் சாரம் தெருக்களிலேயே எத்தனை பெண்பிள்ளைகள் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார்கள்! எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர். ஒருத்தி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் பேருந்தில் போய்வருகிறாள். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் முன்னெழுத்து, பின் கணவர் பெயர், வெளிநாட்டு இதழ் கேட்கிறதென்று முன்னெழுத்தை விரித்து எழுதிய ஒரு பெயர் என்று அவளுக்கு இப்போதே மூன்று பெயர் ஆகியிருக்கிறது. 2010 முதல் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு வெளியீடுகளை மதிப்பெண்ணாக எண்ணும் முறையை பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்தபின், இந்தக் கணக்கு வெறும் பெருமைக்கானதாக இல்லை. சம்பளத்தையும் வேலையையும் தொடுகிறது.

அவளிடம் நான் சொன்னது இரண்டே விஷயம். முதல் கட்டுரையிலேயே பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்துகொள்; கல்யாணம் ஆனாலும் நாடு மாறினாலும் அதை மாற்றாதே. இரண்டாவது, 2012 முதல் ஆராய்ச்சியாளர்களுக்கு ‘ஆர்கிட்’ என்று பதினாறு இலக்க எண் ஒன்று இலவசமாகத் தருகிறார்கள். ரேஷன் அட்டை எண் மாதிரி. பெயர் எப்படி உடைந்தாலும் அந்த எண் ஆளைக் காட்டிக் கொடுக்கும். அதை வாங்கி ஒவ்வொரு கட்டுரையிலும் போடு. பேத்தி, மருமகள் என்று உங்கள் வீட்டில் யாராவது படித்துக்கொண்டிருந்தால் நீங்களும் இதைச் சொல்லி வையுங்கள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வாட்ஸ்அப் செய்தியை அனுப்புவதும் ஒருவகை மேற்கோள்தான். அடுத்த மார்ச் 8 அன்று அந்தப் புகைப்படம் வந்தால், பழைய வாசகத்தை அழித்துவிட்டு இதைப் போட்டு அனுப்புங்கள்: ‘இ.கே. ஜானகி அம்மாள், தலைச்சேரி, 1897–1984. கோயம்புத்தூரில் காட்டுக் கரும்பின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தவர். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்லஸை எழுதியவர். இந்தியக் கரும்பின் முதல் வெற்றி ரகமான கோ 205 பார்பரும் வெங்கட்ராமனும் 1918இல் கொடுத்தது.’ கொஞ்சம் நீளம்தான். ஆனால் மூன்று பேருக்கும் உரியது உரிய இடத்தில் இருக்கிறது.